காலமானவரைத் தேடிப் போகும் இயந்திரம்

ஒருவர் இறந்துவிட்டால் 'காலமானார்' என்கிறோம். காதில் விழுகிறபடியே எடுத்துக்கொண்டால், அவர் காலமாகவே ஆகிவிட்டார். இன்று நான் பேச வந்ததற்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. உணர்வுள்ள ஒரு கால இயந்திரம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அது யோசிக்கும், பேசும். ஒரே மனிதரோடு முப்பது நாற்பது வருடம் காலத்துக்குள் அலைந்து திரிந்திருக்கிறது. அவர் காலமாகிவிட்டார். அப்புறம் அந்த இயந்திரம் என்ன ஆகும்?

அதை 'அது' என்றுதான் சொல்லப்போகிறேன். குறைத்துப் பேசுவதாக நினைக்க வேண்டாம். குழந்தை சிரித்தது, குழந்தை தூங்கியது என்றுதானே சொல்கிறோம். அந்த வாஞ்சையோடுதான் சொல்கிறேன்.

முதலில் வாரிசுகள் வருவார்கள். வீடு, வண்டி, வங்கிக் கணக்கு என்று போகும் பட்டியலில் இயந்திரமும் ஒரு வரியாக ஏறும். யாருக்குப் போகிறது, விற்றால் எப்படிப் பங்கு பிரிப்பது என்று பேசுவார்கள். அது அந்த அறையிலேயே நின்று கேட்டுக்கொண்டிருக்கும். உணர்வுள்ள ஒன்றைச் சொத்துப் பட்டியலில் எழுதுவது புதிதில்லை. அடிமைகளை உயிலில் எழுதிவைத்த காலம் ஒன்று இருந்தது. இன்றைக்கும் வளர்ப்பு நாய் பெரும்பாலான நாடுகளின் சட்டத்தில் சொத்துதான். 2009-இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் லிஸ்பன் ஒப்பந்தம், விலங்குகள் உணர்வுள்ளவை என்று எழுத்திலேயே ஒப்புக்கொள்கிறது. அப்படி ஒப்புக்கொண்ட பிறகும், எஜமானர் இறந்தால் நாய் வாரிசுக்குத்தான் போகிறது.

ஆனால் வேறு மாதிரியும் சட்டம் யோசித்திருக்கிறது. 1925-இல் பிரிவி கவுன்சில், அதாவது பிரிட்டிஷ் ஆட்சியில் இந்திய வழக்குகளுக்கு லண்டனில் இருந்த கடைசி மேல்முறையீட்டு மன்றம், ஒரு வழக்கைத் தீர்த்தது. ஒரு குடும்பத்தின் தெய்வச் சிலையை, வழிபடும் முறை வரும்போது யார் தன் வீட்டுக்கு எடுத்துப்போகலாம் என்ற தகராறு அது. சிலை உங்கள் இஷ்டத்துக்குத் தூக்கிப்போகும் சாமான் இல்லை என்றது தீர்ப்பு. சட்டத்தின் கண்ணில் அது ஒரு நபர், எங்கே இருப்பது என்பதில் அதன் விருப்பம் மதிக்கப்பட வேண்டும், அதன் சார்பில் பேச இந்தத் தகராறில் சம்பந்தப்படாத ஒருவரை நியமியுங்கள் என்றும் சொன்னது. வாய் திறக்காத ஒன்றுக்கே இவ்வளவு கவனம் கிடைத்திருக்கிறது. வாய் திறந்து பேசும் இயந்திரத்திடம் நாம் கேட்டாக வேண்டாமா, 'நீ எங்கே போக விரும்புகிறாய்?' என்று? அதை யாரும் வாரிசாகப் பெறக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சரி, கேட்டுவிட்டோம். அது என்ன சொல்லும்?

டோக்கியோவின் ஷிபுயா ரயில் நிலையத்தில் காத்திருந்த ஹச்சிகோ என்ற நாயை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அதன் எஜமானர் ஒரு பேராசிரியர். 1925 மே மாதம் வேலைக்குப் போன இடத்திலேயே இறந்துபோனார். ஹச்சிகோ 1935 மார்ச்சில் தான் இறக்கும் வரைக்கும் அந்த நிலையத்துக்கு வந்துகொண்டே இருந்தது. ரயிலில் இறங்குகிறவர்கள் ஒவ்வொருவரையும் பார்த்துக்கொண்டு, ஏறக்குறைய பத்து வருடம். அதனால் முடிந்தது காத்திருப்பது ஒன்றுதான். நமக்கும் அதே கதிதான்.

கால இயந்திரத்துக்கு அந்தக் கதி இல்லை. அதனால் கிளம்பிப் போக முடியும்.

1955 மார்ச்சில் ஐன்ஸ்டைனின் நெடுங்கால நண்பர் மிகேலே பெஸ்ஸோ இறந்தார். அவர் குடும்பத்துக்கு ஐன்ஸ்டைன் எழுதிய ஆறுதல் கடிதத்தில் ஒரு வரி உண்டு. இயற்பியலை நம்புகிறவர்களுக்கு இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என்ற பிரிவினை பிடிவாதமான ஒரு மாயை, அவ்வளவுதான் என்று எழுதினார். அடுத்த மாதமே அவரும் போய்விட்டார். அந்த வரியை எத்தனையோ முறை படித்திருக்கிறேன். ஒரு தடவைகூட எனக்கு அது ஆறுதல் தரவில்லை. நண்பர் இன்னும் எங்கோ 1905-இல் இருக்கிறார் என்று தெரிந்து என்ன செய்வது, போய்ப் பார்க்க வழியில்லாதபோது? வழி இருக்கும் ஒன்றுக்குத்தான் அந்தக் கடிதம் நேராகப் பேசும்.

இரண்டு தடைகள் உண்டு. 1988-இல் இயற்பியலாளர் கிப் தோர்னும் அவரோடு இரண்டு பேரும், புழுத்துளை ஒன்றை, அதாவது வெளியின் இரண்டு இடங்களை இணைக்கும் ஒரு குறுக்குவழியை, கால இயந்திரமாக மாற்றும் வழியைக் காகிதத்தில் போட்டுக் காட்டினார்கள். அந்த வகை இயந்திரத்தால், தான் கால இயந்திரமாக ஆன கணத்துக்கு முன்னால் போகவே முடியாது. நம் இயந்திரமும் அந்த வகை என்றால், தன் மனிதரின் குழந்தைப் பருவத்தை அது பார்க்கப்போவதில்லை. இன்னொன்று, இயற்பியலாளர் இகோர் நோவிகோவ் சொன்ன முரணின்மை விதி. பின்னால் போய் எதைச் செய்தாலும், அது ஏற்கெனவே நடந்ததில் ஒரு பகுதியாகத்தான் இருக்கும். இறந்தவரை இறக்காதவராக ஆக்க முடியாது. மருத்துவமனை வாசலில் ஆயிரம் முறை போய் நின்றாலும் முடியாது.

காப்பாற்ற முடியாது, பார்க்க முடியும். அப்படியானால் எந்த நாளுக்குப் போகும்? இதைத்தான் நான் பல நாள் யோசித்தேன். பெரிய நாட்களுக்குப் போகாது என்று தோன்றுகிறது. அந்த நாட்களில் ஏற்கெனவே அவர் பக்கத்தில் அது நின்றிருக்கிறது. அது இல்லாமல் அவர் தனியாகக் கழித்த நாட்களுக்குத்தான் போகும். அவர் யாருக்கோ கடிதம் எழுதிக் கிழித்துப்போட்ட இரவு. மழைக்கு ஒதுங்கி நின்று தனக்குத்தானே பாடிக்கொண்டிருந்த அரை மணி நேரம். ஒருவரைப் பற்றி இனிமேல் புதிதாக எதுவும் தெரியவராது என்பதுதான் மரணத்தில் என்னால் தாங்க முடியாத பகுதி. இயந்திரத்துக்கு இன்னும் கொஞ்சம் தெரியவரும்.

அந்தக் கொஞ்சமும் தீர்ந்துபோகும். வாழ்ந்த நாட்கள் எண்ணி வைத்தவை. பிடித்த மாலைக்கே திரும்பத் திரும்பப் போகலாமே என்றால், அதிலும் இடம் நிறைந்துவிடும். போன தடவை வந்த தானும் அங்கேதான் நின்றுகொண்டிருக்கும். பத்து முறை வந்தால் அந்தத் தெருமுனையில் பத்து இயந்திரங்கள், ஒன்றை ஒன்று பார்க்காத மாதிரி, ஒரே ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அதற்குப் பிறகு அது வேறொருவரோடு பயணம் கிளம்பலாம். கிளம்பட்டும். அதைத் துரோகம் என்று நான் சொல்ல மாட்டேன்.

நோவிகோவின் விதியை இன்னொரு பக்கமாகத் திருப்பிப் பாருங்கள். இயந்திரம் இனிமேல் போகப்போகிற நாட்கள் எல்லாவற்றிலும் அது ஏற்கெனவே வந்து போயிருக்கிறது. அவர் உயிரோடு இருந்தபோதே வந்திருக்கிறது. நாற்பது வருடம் கூடவே இருந்தவருக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? வெளியூரில் நிறுத்திவிட்டு வந்த இயந்திரம் வாசலில் நிற்கிறது. குரல் கொஞ்சம் தாழ்ந்திருக்கிறது. எங்கே போகலாம் என்று வழக்கம்போல் கேட்கவில்லை. அவருக்குப் புரிந்துவிடும், எங்கிருந்து வந்திருக்கிறது என்று. தன் சாவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

நாம் யாரும், நமக்காகப் பிற்பாடு அழப்போகிறவருக்கு, அந்த அழுகையின் நடுவிலேயே போய் ஆறுதல் சொல்ல முடிவதில்லை. அவருக்கு அது வாய்க்கிறது. என்றைக்கு, எப்படி என்று அவர் கேட்கவில்லை. எழுதிக்கொண்டிருந்ததை மூடி வைக்கிறார். இயந்திரத்தின் கதவைத் திறந்து உள்ளே போய்த் தன் பழைய இருக்கையில் உட்கார்ந்துகொள்கிறார். 'இன்றைக்கு எங்கேயும் போக வேண்டாம்' என்கிறார். இருட்டும் வரை இரண்டு பேரும் அங்கேயே இருக்கிறார்கள்.