கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்குக் கைப்பேசி: எத்தனை வெள்ளி வரை போகலாம்?

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து பேசுகிறேன். நான் இங்கே கைப்பேசி பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்பவள். தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு இது தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன்.

ஐந்தாம் படிவத்து எஸ்பிஎம் தேர்வு முடிவுகள் வந்து, மெட்ரிகுலேஷன் என்னும் பல்கலைக்கழக முன்படிப்பு, பொலிடெக்னிக், டிப்ளோமா என்று பிள்ளைகளுக்கு இடம் கிடைக்கத் தொடங்கியதும் கடைக்கு வரும் கூட்டமே மாறிவிடும். ஹீவூட், டவன்பி தோட்டங்கள் பக்கமிருந்து அப்பாவும் மகளும், அம்மாவும் மகனுமாக வருவார்கள். பிள்ளை கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் கைப்பேசியைப் பார்க்கும், பெற்றவர் விலைச் சீட்டைப் பார்ப்பார். பிறகு என்னிடம் திரும்பி, "படிக்கப் போகிற பிள்ளைக்கு இவ்வளவு விலையில் ஒன்று தேவைதானா அம்மா?" என்று கேட்பார். கடை முதலாளியும் வேறு வாடிக்கையாளர்களும் நிற்கும் இடத்தில் இதற்கு நிதானமாகப் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால்தான் இந்தக் காணொளி.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கைப்பேசி கட்டாயம் தேவை. ஆனால் ஏறத்தாழ ஆயிரம் வெள்ளியோடு, அதாவது ஆயிரம் ரிங்கிட்டோடு, அந்தத் தேவை முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் கையில் காசு இருந்தால் அது மடிக்கணினிக்குப் போக வேண்டும். கையில் காசு இல்லை, தவணையில்தான் வாங்க முடியும் என்றால், இன்னும் விலை குறைந்த ஒன்றைப் பாருங்கள்.

முதலில், "எங்கள் காலத்தில் இதெல்லாம் இல்லாமல் படிக்கவில்லையா?" என்று கேட்கும் பெரியவர்களுக்கு. ஐயா, உங்கள் காலத்தில் அழைப்புக் கடிதம் தபாலில் வந்தது. இப்போது யுபியு என்னும் பல்கலைக்கழக நுழைவு விண்ணப்பம் இணையத்தில், முடிவு இணையத்தில், பதிவு இணையத்தில். வகுப்பு மாறினால் வாட்ஸ்அப் குழுவில்தான் செய்தி வரும். பல விரிவுரையாளர்கள் வருகைப் பதிவையே கியூஆர் குறியீட்டில் எடுக்கிறார்கள். உணவகத்தில் காசு கட்ட டியூட்நவ் கியூஆர். எல்லாவற்றையும் விட முக்கியமானது வங்கி. குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லைக் கைவிட்டு, வங்கியின் சொந்தச் செயலி வழியாகவே பணப் பரிமாற்றத்தை உறுதிப்படுத்த வேண்டும் என்று மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2022 செப்டம்பரில் வங்கிகளைக் கேட்டுக்கொண்டது. மோசடிகளைத் தடுக்க எடுத்த நல்ல நடவடிக்கை. அதன் விளைவு, உங்கள் மகளுடைய பிடிபிடிஎன் என்னும் அரசாங்க உயர்கல்விக் கடன் வங்கியில் விழுந்தாலும் அதை இணையத்தில் எடுத்துச் செலவழிக்கச் செயலி ஓடும் கைப்பேசி வேண்டும். பட்டன் கைப்பேசியைக் கொடுத்து அனுப்பினால் பிள்ளை ஒவ்வொரு வேலைக்கும் அறைத்தோழியின் கையை எதிர்பார்த்து நிற்க வேண்டி வரும். அந்தச் சங்கடத்தை நம் பிள்ளைகளுக்கு நாம் கொடுக்கக் கூடாது.

வீட்டில் கிடக்கும் பழைய கைப்பேசியைக் கொடுத்து அனுப்பலாமா என்று கேட்பவர்களுக்கும் இதோடு சேர்த்துச் சொல்கிறேன். மலேசியாவில் 3ஜி சேவை 2021 இறுதியோடு நிறுத்தப்பட்டுவிட்டது. 4ஜி இல்லாத பழைய கைப்பேசியில் இணையம் 2ஜி வேகத்தில்தான் ஊரும். 4ஜி இருந்தாலும், ஆண்ட்ராய்டு மிகப் பழையதாக இருந்தால் வங்கிச் செயலி அதில் ஓட மறுக்கும். வாங்கித் தந்துவிட்டோம் என்ற திருப்தி உங்களுக்கு இருக்கும், பிள்ளைக்கு அதனால் பயன் இருக்காது.

சரி, இப்போது பிள்ளைகள் பக்கம் வருகிறேன். தம்பி, தங்கைகளே, கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. மாதம் 26 நாள் வேலை என்று வைத்தால் ஒரு நாளுக்கு 65 வெள்ளி சொச்சம். ஐபோன் 16 இங்கே அறிமுகமானபோது அதன் ஆரம்ப விலை 3,999 வெள்ளி. கணக்குப் போட்டால் 61 நாள் வேலை. அதாவது தோட்டத்தில் விடியுமுன் எழுந்து, பெரட்டு என்னும் காலை ஆள்கணக்குக்கு நின்று, செம்பனைக் குலை வெட்டி, முள் குத்திய கையோடு திரும்பும் 61 நாட்கள். சாப்பாடு, மின்கட்டணம், தம்பியின் பள்ளி பஸ் எதற்கும் ஒரு காசும் எடுக்காமல் இருந்தால்தான் 61. அதே கணக்கில் 900 வெள்ளிக் கைப்பேசி 14 நாள் வேலை. அதுவும் சிறிய தொகை இல்லை. ஆனால் ஒரு குடும்பத்தால் தாங்கக்கூடிய தொகை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது, இது எனக்கு அதிகம் வலிக்கும் கணக்கு. 2024 மே 11 முதல் ஊழியர் சேமநிதியில் மூன்றாவது கணக்கு ஒன்று வந்திருக்கிறது, 'அக்கவுன் பிளெக்சிபல்'. எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், குறைந்தது 50 வெள்ளி. கைப்பேசி வாங்க அம்மா அப்பா முதலில் கை வைப்பது இப்போது அதில்தான். மாதம் 1,700 சம்பளத்துக்கு தொழிலாளியின் 11 விழுக்காடும் முதலாளியின் 13 விழுக்காடும் சேர்ந்து சுமார் 408 வெள்ளி சேமநிதிக்குப் போகிறது. அதில் பத்தில் ஒரு பங்குதான் இந்தக் கணக்கில் சேரும். மாதம் 40 வெள்ளி! 900 வெள்ளி சேர ஏறத்தாழ 22 மாதம் ஆகும். 3,999 சேர எட்டு ஆண்டுக்கு மேல். அந்தப் பணத்தை எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை, படிப்புக்கு எடுக்கத்தான் வேண்டும். எதை எடுக்கச் சொல்கிறோம் என்று தெரிந்துகொண்டு கேளுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

பின்னால் கேட்பது ஈப்போ பக்கம் போகும் ரயில். கொஞ்சம் பொறுங்கள், கடந்து போகட்டும்.

தவணை விஷயத்துக்கு வருகிறேன். "மாதம் 236 வெள்ளிதான் அக்கா" என்று தம்பிமார் சொல்வார்கள். 2,400 வெள்ளிக் கைப்பேசியை எடுத்துக்கொள்வோம். மாதம் 1.5 விழுக்காடு என்று முழுத் தொகைக்கும் வட்டி போட்டால் பன்னிரண்டு மாதத்தில் வட்டி 432 வெள்ளி. அசலோடு சேர்த்துப் பன்னிரண்டால் வகுத்தால்தான் அந்த 236. கேட்கும்போது ஆண்டுக்கு 18 விழுக்காடுபோலத் தெரியும். நீங்கள்தான் மாதா மாதம் அசலைக் குறைத்துக்கொண்டே வருகிறீர்களே, கட்டி முடித்த பணத்துக்கும் ஏன் வட்டி? குறைந்துவரும் அசலுக்குக் கணக்குப் போட்டால் அது ஆண்டுக்கு 30 விழுக்காட்டைத் தாண்டிவிடும். பிடிபிடிஎன் கடனுக்கு ஆண்டுக்கு 1 விழுக்காடு உஜ்ரா, அதாவது சேவைக் கட்டணம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இன்னும் கொடுமை, பிடிபிடிஎன் பணம் வந்ததும் அதிலிருந்து இந்தத் தவணையைக் கட்டுவது. கடனை வாங்கிக் கடனுக்கு வட்டி கட்டுகிறோம், அதுவும் சாப்பாட்டுக்கும் புத்தகத்துக்கும் வந்த கடனில்.

நம் ஊரில் தவணைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அமைச்சராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் இந்த ஊர்க்காரர். 1960-இல் அவர் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, துண்டு துண்டாக விற்கப்பட்ட தோட்டங்களிலிருந்து தொழிலாளர்கள் துரத்தப்பட்டுக்கொண்டிருந்தார்கள். மாதம் 10 வெள்ளியாகக் கட்டி, 100 வெள்ளிப் பங்கு வாங்கி, அந்தத் தொழிலாளர்கள் தோட்டத்துக்கே சொந்தக்காரர்கள் ஆனார்கள். நம் பாட்டன்மார் கட்டிய தவணை நிலமாக நின்றது. தவணை என்றாலே எனக்கு வெறுப்பு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதைச் சொன்னேன். கட்டி முடிக்கும்போது கையில் என்ன மிஞ்சுகிறது என்பதுதான் என் கேள்வி.

இனி, எதைப் பார்த்து வாங்குவது? பழுதுபார்க்கும் மேசையில் உட்கார்ந்து கற்றதைச் சொல்கிறேன். கேமரா எத்தனை மெகாபிக்சல் என்பதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அதைக் கடைசியில் கேளுங்கள். குறிப்பைப் படம் பிடிக்க எந்தக் கேமராவும் போதும்.

முதலில் கேட்க வேண்டியது, பாதுகாப்புப் புதுப்பிப்பு எத்தனை ஆண்டுக்கு வரும் என்பது. டிப்ளோமா பொதுவாக இரண்டரை, மூன்று ஆண்டு. மெட்ரிகுலேஷன் முடித்துப் பட்டப்படிப்பு என்றால் நான்கு, ஐந்து ஆண்டு. அதுவரை தாங்க வேண்டும். முன்பு மலிவுக் கைப்பேசிகளை இரண்டு ஆண்டிலேயே நிறுவனங்கள் கைகழுவிவிடும். இப்போது நிலைமை மாறியிருக்கிறது. குறைந்த விலை வரிசையில் வரும் சாம்சங் கேலக்ஸி ஏ16-க்கே 6 ஆண்டுப் புதுப்பிப்பு தருவதாக அந்த நிறுவனம் 2024-இல் அறிவித்தது. எல்லா நிறுவனமும் அப்படி இல்லை, மாடலுக்கு மாடல் வேறுபடும். கடைக்காரர் மழுப்பினால் நிறுவனத்தின் தளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். வங்கிப் பணம் அந்தக் கைப்பேசிக்குள் இருக்கிறது, அதனால் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அடுத்தது நினைவகம். ரேம் 6 ஜிபிக்குக் குறையாமல், சேமிப்பு 128 ஜிபிக்குக் குறையாமல் இருக்கட்டும். சேமிப்பு எந்த வகை என்றும் கேளுங்கள். இஎம்எம்சி என்றால் மெதுவானது, ஒரு வருடத்தில் வாட்ஸ்அப் கோப்புகள் நிறைந்ததும் கைப்பேசி திணறத் தொடங்கும். யுஎஃப்எஸ் என்றால் அந்தத் தொல்லை குறைவு. ஒரே விலையில் இரண்டு வகையும் கிடைக்கும்போது தெரியாமல் முதல் வகையை வாங்கி வருகிறவர்களைப் பார்க்கும்போது மனம் ஆறுவதில்லை.

பேட்டரி தேயும் பொருள். பல கைப்பேசிகளில் சுமார் 500 முழுச் சார்ஜ் சுற்றுக்குப் பிறகு அதன் கொள்ளளவு 80 விழுக்காட்டுக்கு இறங்கும். அப்போது கைப்பேசியே போய்விட்டது என்று நினைத்துப் புதிதாக வாங்குகிறார்கள். பேட்டரியை மட்டும் மாற்றுங்கள், செலவு மிகக் குறைவு. டிஸ்பிளே கதை வேறு. ஓரம் வளைந்த விலை உயர்ந்த டிஸ்பிளே உடைந்தால், அதை மாற்றும் செலவில் சாதாரணக் கைப்பேசி ஒன்றைப் புதிதாகவே வாங்கிவிடலாம். விடுதியில் மாடிப்படுக்கையிலிருந்து விழாத கைப்பேசி எது?

மலேசியாவில் சோதித்துச் சான்றளித்ததைக் காட்டும் சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 'ஏபி செட்' என்று நூறு, இருநூறு வெள்ளி குறைத்துக் கொடுப்பார்கள். அது வேறு வழியாக இறக்குமதியானது, நிறுவனத்தின் மலேசிய உத்தரவாதம் அதற்குக் கிடையாது, கடைக்காரர் தரும் உத்தரவாதம்தான். கடை பூட்டினால் உத்தரவாதமும் பூட்டிக்கொண்டது. பழுதான பொருளைக் கடைக்காரர் திரும்ப எடுக்க மறுத்தால் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் வேண்டாம். நம் மக்கள் இதைப் பயன்படுத்தாமல் வாய்விட்டுப் புலம்பிவிட்டுப் போய்விடுகிறார்கள். ரசீதை மட்டும் பத்திரமாக வையுங்கள்.

பயன்படுத்திய கைப்பேசியும் நல்ல வழிதான், கடையில் ரசீதோடு வாங்கினால். நட்சத்திரம், ஹேஷ், 06, ஹேஷ் அழுத்தினால் ஐஎம்இஐ எண், அதாவது அந்தக் கைப்பேசியின் தனி அடையாள எண், வரும். பெட்டியில் இருக்கும் எண்ணும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். முகநூலில் பார்த்து, பெட்ரோல் நிலையத்தில் சந்தித்துக் காசு கொடுத்து வாங்குவது வேண்டாம். தனியாளிடம் வாங்கியதற்குத் தீர்ப்பாயமும் துணை வராது.

சிக்னலைப் பற்றி ஒரு வார்த்தை. 5ஜி வேண்டும் என்று கேட்டு கூடுதலாகக் காசு கொடுக்கிறார்கள். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தால் செம்பனைக்கு நடுவே தோட்டத்து லய வீட்டில் 4ஜியே ஒரு நிறுவனத்துக்குத்தான் எடுக்கும். முதலில் நண்பர்களின் சிம்மைப் போட்டு வீட்டிலும் கல்லூரியிலும் எது எடுக்கிறது என்று பாருங்கள்.

மடிக்கணினியை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன்? இருபது பக்கக் கட்டுரையைக் கைப்பேசியில் தட்டச்சு செய்து, அட்டவணை கலைந்து, இரவு பதினொரு மணிக்கு அழுதுகொண்டு அழைக்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். பொறியியல் படிக்கும் பிள்ளைக்கு ஆட்டோகேட், கணக்கியல் பிள்ளைக்கு எக்செல், கணினி படிப்பவருக்கு நிரல் எழுத இடம், இவை எதையும் நாலாயிரம் வெள்ளிக் கைப்பேசியும் சரியாகச் செய்யாது. 900 வெள்ளிக் கைப்பேசியும், நல்ல நிலையில் இருக்கும் பயன்படுத்திய அலுவலக மடிக்கணினியும் சேர்ந்து அந்த ஒரு ஐபோனின் பாதி விலைக்குள் அடங்கிவிடும். கணினி அதிகம் தேவைப்படாத படிப்பு என்றால், கல்லூரி நூலகக் கணினி போதுமா என்று முதல் பருவம் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

பெற்றோரில் ஒருவர் வருமான வரி கட்டுபவராக இருந்தால் ரசீதை அவர் பெயரில் போடச் சொல்லுங்கள். பிள்ளைக்கு வாங்கும் கைப்பேசியும் கணினியும் வாழ்க்கைமுறை வரிச் சலுகையில் சேரும், ஆண்டுக்கு 2,500 வெள்ளி வரை. இரண்டின் விலையும் சேர்ந்து அந்த வரம்பைத் தாண்டினால், ஒன்றை டிசம்பரிலும் மற்றதை ஜனவரியிலும் வாங்க முடிந்தால் இரண்டு ஆண்டுச் சலுகையும் கிடைக்கும். வாங்குவதற்கு முன் சந்தேகம் இருந்தால் மாடல் பெயரையும் கடைக்காரர் சொன்ன விலையையும் கீழே எழுதுங்கள். கடை அடைத்த பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்துப் பதில் சொல்கிறேன்.