கோடியக்கரை மணல்மேடு: ஏறும் முன் கொஞ்சம் குனிந்து பாருங்கள்

[காட்சி: தரையோடு தரையாகக் கேமரா. மணலில் ஓடும் ஒரு கொடி.]

இந்த இலையைப் பாருங்கள். நுனியில் பிளந்து இரண்டு மடலாக இருக்கிறதா? இதுதான் அடப்பங்கொடி. சங்கப் பாட்டில் வரும் அடும்பு. அன்றைய புலவர்கள் இந்த இலையை மானின் குளம்படி என்றார்கள். அது சரியா என்று இங்கேயே பார்த்துவிடலாம். கொடிக்குப் பக்கத்திலேயே வெளிமான் போன தடம் கிடக்கிறது.

இடம், வேதாரண்யத்துக்குத் தெற்கே கோடியக்கரை. 1967 முதல் சரணாலயம், 2002 முதல் ராம்சார் ஈரநிலம், அதாவது உலக அளவில் முக்கியம் என்று பட்டியலிடப்பட்ட ஈரநிலம். மழைக்காலம் முடிகிற சமயத்தில் பூநாரை பார்க்கக் கூட்டம் வரும். நாம் பேசப்போவது அவர்கள் காலுக்குக் கீழே இருக்கும் மணலைப் பற்றி.

காற்று மணலை அள்ளிக்கொண்டு வரும். வெறுந்தரையில் அது தங்காது. குறுக்கே ஒரு கொடியோ புல்லோ இருந்தால் காற்று தளரும், மணல் அங்கேயே விழும். அப்போது செடி புதைந்துபோகாதா? அடப்பங்கொடியா புதையும்! மூட மூட மேலே தளிர் விட்டு, கணுவுக்குக் கணு வேர் இறக்கும். கூட்டாளி இராவணன் மீசை. காய்ந்தால் அதன் முள்ளுருண்டை கரை நெடுக உருண்டோடுமே, சின்ன வயதில் துரத்தியிருப்பீர்கள். விதையைச் சிதறிக்கொண்டே போகிற ஓட்டம் அது.

[காட்சி: இராமர் பாதம், சுற்றிலும் காடு.]

இங்கே உயரமான இடமே இந்த இராமர் பாதம்தான். கடல்மட்டத்திலிருந்து சுமார் 4 மீட்டர். அவ்வளவுதான் மேடு. ஆனால் பெய்த மழை மணலுக்குள் தங்கியிருக்கிறது. உப்புநீர் கனமானது, நன்னீர் அதன்மேல் மிதந்து நிற்கும். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் உப்பளம், நடுவில் பாலைமரக் காடு பச்சையாக நிற்பதில் இந்தத் தண்ணீருக்குப் பெரிய பங்கு உண்டு.

2018 நவம்பரில் கஜா புயல் இந்தக் காட்டைப் புரட்டிப் போட்டது. மரம் சாய்ந்தால் செய்தியாகிறது. கொடி அறுந்தால் யாருக்குத் தெரியும்?

சரி, போனால் எப்படி நடப்பது? அலை நனைத்த ஈரமணலில் நடங்கள். மேட்டில் ஏறுவதென்றால் ஏற்கெனவே இருக்கும் பாதையில் மட்டும். ஒருவர் மிதித்து ஒன்றும் ஆகாது, உண்மைதான். நூறு பேர் புதுத்தடம் போட்டால் அந்த இடைவெளியில் காற்று புகுந்து மணலை வாரிக்கொண்டு போய்விடும்.

அப்புறம், பைக்கை மணலில் இறக்கும் வீரர்களுக்கு ஒரு வார்த்தை. ஜனவரி பிறந்தால் பங்குனி ஆமைகள் என்னும் கடலாமைகள் முட்டையிடக் கரையேறும். பொரித்த குஞ்சு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். டயர் பள்ளத்தில் விழுந்தால் அதனால் ஏற முடியாது. கடலுக்குப் போகாமல் பள்ளத்தோடு பக்கவாட்டில் போய்க்கொண்டே இருக்கும். விடிந்ததும் காக்கை பார்த்துவிடும். ராத்திரியில் கரையோரம் செல்போன் டார்ச்சும் வேண்டாம். வெளிச்சம் இருக்கும் திசைதான் கடல் என்று குஞ்சு நம்பும்.

முட்டை கண்ணில் பட்டால் தொடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். பொரிப்பகத்தில் பத்திரமாக வைத்து, குஞ்சு வந்ததும் கடலில் விடுவார்கள்.

[காட்சி: ஈரமணலில் குஞ்சின் தடம். அலை வந்து அழிக்கிறது.]