கன்னி நாயோடு போனால் முயலுக்கா என்கிறார்கள்

வணக்கம் மக்களே. திருநெல்வேலி பக்கம் கங்கைகொண்டானுக்கு மேற்கே ஒரு தரிசில் நிற்கிறேன். மணி ஆறரை. பக்கத்தில் என் நாய் மயிலி. மூன்று வயது, கன்னி என்கிற நாட்டு வேட்டை நாய்ச் சாதி, உடம்பு கறுப்பு, காலிலும் புருவத்துக்கு மேலேயும் செம்பட்டை. வழக்கமாக இவளுடைய தீனி, ஓட்டம் என்று பேசுவேன். இன்றைக்கு அது வேண்டாம். மனதில் கிடந்து உறுத்துகிற ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

மார்கழிக் கடைசியில் இதே இடத்தில் ஆட்டுக்கிடை போட்டிருக்கிற ஒரு தாத்தா எங்களை மறித்தார். "முயலுக்கா?" என்றார். இல்லை தாத்தா, சும்மா நடக்கக் கூட்டி வந்தேன் என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை, நாயைத்தான் பார்த்தார். "கன்னி நாயைப் பிடிச்சுக்கிட்டு சும்மா நடக்க வந்தானாம்" என்று சொல்லிவிட்டுக் கையிலிருந்த கம்பால் ரோட்டைக் காட்டினார். கிளம்பு என்று அர்த்தம்.

எனக்குச் சுருக்கென்று இருந்தது. கூட நின்ற அவர் பேரன்தான் என்னைக் கிடைக்குக் கூட்டிப்போய்க் காட்டினான். இரண்டு நாள் முந்தி ராத்திரியில் நாலைந்து பேர் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு மூன்று நாய்களோடு வந்திருக்கிறார்கள். முயல் கிடைப் பக்கம் ஓடியிருக்கிறது. நாய்கள் கிடையைச் சுற்றிக் கட்டிய வலையை முட்டிச் சாய்த்துவிட்டன. ஆடுகள் மிரண்டு பக்கத்து உளுந்துக்குள் பாய்ந்ததில் காய் பிடித்த செடியெல்லாம் மிதிபட்டுக் கிடந்தது. இரண்டு குட்டிகள் நசுங்கிச் செத்துவிட்டன. ஒரு சினை ஆடு மறுநாள் மாதம் நிறையாமலே குட்டி வீசிவிட்டது. நீல நைலான் வலையில் ஓர் ஆள் நுழையும் அளவுக்குக் கிழிசல். தாத்தா அதைச் சணலால் கண்ணிக்குக் கண்ணி முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். வந்தவர்கள் நின்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஓடைக்குள் உடைந்த பாட்டில்தான் மிச்சம்.

அதைப் பார்த்த பிறகு தாத்தாவிடம் நான் என்ன நியாயம் பேச முடியும்? அவருக்குக் கன்னி என்றால் அந்த மூன்று நாய்கள்தான். கன்னி வளர்க்கிறவன் என்றால் அந்த நாலைந்து பேர்தான்.

நம் ஆட்கள் சொல்வார்கள், நாட்டு நாயை ஊரே கொண்டாடுகிறது என்று. உண்மைதான். 2005இல் ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை வந்தது. 2020 ஆகஸ்டில் பிரதமரே வானொலிப் பேச்சில் சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று பெயர் சொன்னார். ஆனால் கிடையில் படுக்கிறவர் தபால்தலையைப் பார்க்கவில்லை. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வலைக்கு வெளியே ஆடிய வெளிச்சத்தைத்தான் பார்த்தார்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் இந்தச் சேனலில் மயிலி ஒரு முயலை விரட்டுகிற வீடியோ போட்டேன். பிடிக்கவில்லை, முயல் உடைமுள்ளுக்குள் புகுந்து தப்பித்துவிட்டது. அதனால் தப்பில்லை என்று நினைத்தேன். அது தப்பு. 1972ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்றால் கொல்வது மட்டும் இல்லை. நாயை விட்டு விரட்டுவதும், கண்ணி வைப்பதும், அதற்கு முயற்சி செய்வதும்கூட வேட்டைதான். நான் போட்ட வீடியோக்களிலேயே அதிகம் பேர் பார்த்தது அதுதான். கீழே வந்த கேள்வி எல்லாம் "எத்தனை மாட்டுச்சு?" அதை எடுத்துவிட்டேன். ஆனால் பார்த்தவர்கள் கண்ணிலிருந்து எடுக்க முடியாதே.

வெளிநாட்டில் அனுமதி இருக்கிறதே என்று சிலர் எழுதுகிறீர்கள். அமெரிக்காவில் உரிமம் வாங்கி வேட்டையாடலாம், 1937இல் வந்த சட்டப்படி துப்பாக்கி, தோட்டா மீதான வரி காட்டுயிர்ப் பாதுகாப்புக்குப் போகிறது. அங்கேயும் செத்த மிருகத்தை வண்டி மேல் ஊர் பார்க்கக் கட்டிக்கொண்டு போனால் ஜனங்கள் முகம் சுளிக்கத்தான் செய்கிறார்கள். அது அவர்கள் ஊர்க் கதை. நம் ஊரில் அனுமதியே இல்லை.

இவ்வளவுக்கும் வேட்டை என்ற சொல்லுக்கு நம் பக்கம் ஒரு மரியாதை இருந்தது. கோயில் கொடைத் திருவிழாவில் நடுச்சாமத்தில் சுடலைமாடன் சாமியாடி பந்தம் பிடித்து வேட்டைக்குப் போகும்போது ஊரே ஒதுங்கி வழி விடும். இப்போது ராத்திரியில் வெளிச்சம் தெரிந்தால் கல்லை எடுக்கிறார்கள்.

சரி, நாயைக் குறை சொல்லிப் பயன் இல்லை. கன்னி மோப்பத்தை நம்பி ஓடுகிற சாதி இல்லை, கண்ணால் பார்த்து ஓடுவது. முயலோ ஆட்டுக்குட்டியோ கோழியோ, எது ஓடினாலும் இதுவும் ஓடும். இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் புள்ளிமான் சரணாலயம் இருக்கிறது. 2013இல் அறிவித்தது, 288 ஹெக்டேர்தான். தண்ணீர் தேடி மான் வெளியே வரும். அவிழ்த்துவிட்ட நாய்க்கு எது சரணாலயம், எது தரிசு என்று தெரியுமா? அதனால் வெளியே வந்தால் மயிலி கழுத்தில் வார் இருக்கும், வாரின் முனை என் கையில் இருக்கும். இவளை ஓட விடுவது நண்பர் ஒருவருடைய வேலி போட்ட தோட்டத்துக்குள் மட்டும்.

அப்புறம் தினமும் வெளிச்சம் வந்த பிறகுதான் வருகிறேன். வந்ததும் நேரே கிடைக்குப் போய்த் தாத்தா கண்ணில் பட்டுவிட்டுத்தான் நடக்கிறேன். முதல் ஒரு மாதம் அவர் பேசவே இல்லை. கம்பை ஊன்றிக்கொண்டு நாங்கள் மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நிற்பார். நானும் விளக்கம் சொல்லப் போகவில்லை.

இன்றைக்குக் காலையில் ஓடையைத் தாண்டும்போது பின்னால் இருந்து அவர் குரல். "ஏ தம்பி, கிழக்கே போகாதே. அங்கே ஈத்து ஆடு நிக்கு. பனை ஓரமாப் போ."

அந்தப் பனை ஓரம்தான் இது. வெயில் ஏறுகிறது, மயிலிக்குத் தண்ணீர் காட்ட வேண்டும். வருகிறேன் மக்களே.