ஒரே வைன்ல இருபது திராட்சையா? வியன்னாவோட கதம்ப பாட்டில்!

(திரையில்: கோப்பையில் வெளிர் மஞ்சள் வைன்)

இது எந்தத் திராட்சை? ரைஸ்லிங்கா? ட்ராமினரா? க்ரூனர் வெல்ட்லினரா? எதைச் சொன்னாலும் பாதி சரி! பேரு கெமிஷ்டர் சாட்ஸ். ஊரு வியன்னா, ஊர் எல்லைக்குள்ளேயே சுமார் 600 ஹெக்டேர் திராட்சைத் தோட்டம் வச்சிருக்கிற தலைநகரம். மதுவால வீட்டுக்கும் நாட்டுக்கும் கேடுன்னு கடமைக்குச் சொல்லிட்டேன், வாங்க.

வரலாறு ஒரே வரி: 2013-ல டிஏசி அந்தஸ்து, அதாவது ஒரு ஊரோட அடையாள வைனுக்கு ஆஸ்திரியா கொடுக்கிற சட்ட அங்கீகாரம், கிடைச்சுது. அதோட விதி: ஒரே தோட்டத்துல குறைஞ்சது மூணு வெள்ளை வகை கலந்து நட்டிருக்கணும், எதுவும் 50 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, மூணாவது வகை 10 சதவீதமாவது இருக்கணும். சில பழைய தோட்டங்கள்ல இருபது வகை வரைக்கும் நிக்குது.

(திரையில்: ஒரே கூடையில் பல நிறப் பழங்கள்)

சுவாரசியம் இங்கதான். மத்த இடங்கள்ல தனித்தனியா வைன் செஞ்சு, கடைசியில கலப்பாங்க. இங்க ஒண்ணாப் பறிச்சு, ஒண்ணாப் பிழிஞ்சு, ஒரே தொட்டியில நொதிக்க வைக்கிறாங்க. அவியலுக்குக்கூட முருங்கைக்காய் முதல்ல, மாங்கா கடைசியிலன்னு வரிசை உண்டு. இதுல அதுவும் கிடையாது! ட்ராமினர் நல்லாப் பழுத்து மணக்கும்போது ரைஸ்லிங் இன்னும் புளிப்போட நிக்கும். அந்த மணமும் இந்தப் புளிப்பும் சேர்றதுதான் இதோட உயிர். அதனால பறிக்கிற நாள்தான் பெரிய தலைவலி. தள்ளிப்போட்டா முந்திப் பழுத்தது அழுகும், புளிப்பும் இறங்கிடும். அவசரப்பட்டா வைன் பச்சையா, வெடுக்குன்னு இருக்கும். அப்புறம் ஏன் கலந்து நட்டாங்க? பூக்கிற நேரத்துல மழையோ உறைபனியோ ஒரு வகையைக் கெடுத்தாலும், வேற நேரத்துல பூக்கிற வகை தப்பிச்சுக்கும். பயிர்க் காப்பீடே அதுதான்!

(திரையில்: வெப்பமானி)

இப்ப சுவைப்போம். 8 முதல் 10 டிகிரி. ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த கையோட குடிச்சா மணம் அமுங்கி, புளிப்பு மட்டும் நாக்குல நிக்கும். கால் மணி நேரம் வெளிய வைங்க. கோப்பையில மூணுல ஒரு பங்கு போதும். சுழற்றாம ஒரு தடவை மோந்து பாருங்க, சுழற்றி இன்னொரு தடவை. ரோஜா வாசம் வந்தா ட்ராமினர் எட்டிப் பாக்குது. கொஞ்சம் இருந்தாலே காட்டிக் கொடுத்துடும். மத்ததைக் கண்டுபிடிக்க மெனக்கெடாதீங்க. ஒவ்வொரு மிடறுக்கும் எது முன்னாடி வருதுன்னு மட்டும் கவனிங்க. கமெண்ட்ல சண்டை போடுங்க, நான் ரோஜா கட்சி!

வியன்னாக்காரங்க இதுல பாதிக்குப் பாதி சோடா ஊத்தியும் குடிப்பாங்க. சாதா பாட்டில்னா தாராளமா ஊத்துங்க. லேபிள்ல 'ரீட்'னு போட்டுத் தோட்டத்துப் பேரு இருந்தா மட்டும், சோடாவைத் தள்ளி வச்சுடுங்க.