கம்பியைத் தாங்குறது ரப்பர் இல்லீங்க

வணக்கம் நேயர்களே. மின்சார டவர்ல கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, கரண்ட் டவருக்குப் போகாமத் தடுக்க, தட்டுத் தட்டா ஒண்ணு தொங்குமே, இன்சுலேட்டர்னு பேரு, முன்னாடியெல்லாம் அது பீங்கான் இல்லன்னா கண்ணாடி, இப்ப நிறைய இடத்துல சாம்பல் கலர்ல ரப்பர் மாதிரி மாட்டியிருக்காங்க, "என்ன சார், ரப்பரை நம்பியா 400 கிலோவோல்ட் கம்பியைத் தொங்கவிடுறீங்க?"ன்னு என்கிட்ட கேக்காத ஆளே இல்ல.

ரப்பர் வெறும் சட்டைங்க. உள்ள ஒரு ராடு இருக்கு, கண்ணாடி நாரை நீளவாக்குல சேர்த்து எப்பாக்ஸி ரெசின்ங்கிற பிசின்ல ஊறவெச்சு இறுகவிட்டது, இழுவை மொத்தத்தையும் அதுதான் வாங்கிக்கும். ரெண்டு முனையிலயும் இரும்புப் பூண் போட்டு நெரிச்சிருப்பாங்க. எடை, அதே வேலை பாக்குற பீங்கான் சரத்துல கிட்டத்தட்ட பத்துல ஒரு பங்குதான்.

அப்ப சட்டை எதுக்கு? ஈரத்துக்கு. பீங்கான் மேல உப்பும் தூசியும் படிஞ்சு பனியில நனைஞ்சா தண்ணி ஒரே படலமா பரவி, அது வழியா கரண்ட் கசிஞ்சு கசிஞ்சு கடைசில பெரிய பொறி பறந்து லைனே டிரிப் ஆயிடும். இந்தச் சட்டை சிலிகோன் ரப்பர், இதுல தண்ணி ஒட்டாது, தாமரை இலை மாதிரி முத்து முத்தா நிக்கும். அழுக்கு மூடினா தாமரை இலையும் போச்சுன்னு தானே நினைப்பீங்க, நானும் அப்படித்தான் நினைச்சேன். லேப்ல ஒரு தடவை சிலிகோன் ஷீட் மேல களிமண் பூசி காயவெச்சு தண்ணி தெளிச்சா சப்புனு இழுத்துக்கிச்சு. ரெண்டு மூணு நாள் கழிச்சு அதே களிமண் மேல தெளிச்சா தண்ணி உருண்டு நிக்குது! ரப்பருக்குள்ள இருக்குற குட்டி சிலிகோன் மூலக்கூறுங்க மெல்ல ஊறி மேல வந்து அழுக்கையும் போர்த்திடுது. சட்டைக்கு ஈபிடிஎம்னு இன்னொரு வகை செயற்கை ரப்பரும் போடுவாங்க, அது இதைச் செய்யாது, விலை குறைவுன்னாலும் எனக்கு அதுல மனசு ஒட்டுறதில்ல.

ரப்பர்ல அலுமினா ட்ரைஹைட்ரேட்னு ஒரு வெள்ளைப் பொடியும் நிறையவே கலப்பாங்க, பொறி பட்டு சூடு 200 டிகிரியைத் தாண்டினா அது தனக்குள்ள கட்டிவெச்ச தண்ணியை விட்டு அந்த இடத்தைக் குளிரவைக்கும், ரப்பர் அரிச்சுப் போறது குறையும்.

சரி, ஆபத்து எங்க? பூணும் ரப்பரும் சேர்ற இடத்துல. அங்க சீல் விட்டுப்போனா ஈரம் உள்ள இறங்கும், பொறியால காத்துல உண்டாகுற நைட்ரிக் அமிலமும் கூட சேர்ந்து கண்ணாடி நாரை ஒண்ணொண்ணா அறுக்கும். அப்படி உடைஞ்ச ஒரு ராடைக் கையில வாங்கிப் பாத்திருக்கேன். பாரம் தாங்காம உடைஞ்சா துடைப்பம் மாதிரி பிரிஞ்சிருக்கணும், இது ரம்பத்தால அறுத்த மாதிரி வழவழன்னு இருந்துச்சு, ஒரு ஓரத்துல மட்டும் கொஞ்சம் சிலும்பு. வழக்கமான பாரத்துலயே போயிருக்கு! அமிலத்தை நல்லாத் தாங்குற, போரான் கலக்காத கண்ணாடி நார் வந்தப்புறம் இது ரொம்பக் குறைஞ்சிருச்சு. கிளி வகைப் பறவைங்க ரப்பரைக் கடிச்சுக் குதறுறது தனிக் கதை.

புதுசா சரக்கு வந்தா எல்லாரும் ரப்பரை விரலால அமுக்கிப் பாப்பாங்க, நான் பூண் ஓரமா டார்ச் அடிச்சுப் பாப்பேன். பெட்டி பிரிக்கும்போது கத்தி பட்டு சட்டை கிழிஞ்சிருந்தாலும் திருப்பி அனுப்பிடுவேன், சின்னக் கீறல்தானே சார்னு சண்டைக்கு வருவாங்க, வரட்டும்.