எழுபதைத் தாண்டியவருக்கு எத்தனை மில்லிகியூரி?

நேயர்களுக்கு வணக்கம். தைராய்டு புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்ததும் சிலருக்கு அயோடின் 131 என்ற கதிரியக்க அயோடினைக் கொடுக்கிறோம். ஒரே ஒரு மாத்திரை. விழுங்கிவிட்டுத் தனியறையில் இருந்தால் போதும். அதனால்தானோ என்னவோ, அது எத்தனை மில்லிகியூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) என்று யாரும் கேட்பதில்லை. 70 வயதைத் தாண்டியவர் என்றால் கட்டாயம் கேட்க வேண்டும்.

தைராய்டு செல்கள் எடுத்துக்கொண்டது போக மீதி அயோடின் ரத்தத்தில் சுற்றும். அதைப் பெரும்பாலும் சிறுநீரகம்தான் வெளியேற்றுகிறது. வயது ஏற ஏற அந்த வேலை மந்தமாகும். சிகிச்சைக்காகத் தைராக்சின் என்ற தைராய்டு ஹார்மோன் மாத்திரையை நிறுத்தியிருந்தால் இன்னும் மந்தம். அயோடின் உள்ளே தங்கத் தங்க, ரத்த அணுக்களை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜை கதிர்வீச்சை வாங்கிக்கொண்டே இருக்கும்.

"கிரியேட்டினின் நார்மல்தானே டாக்டர்?" என்பார்கள். அது தசையிலிருந்து வரும் கழிவு; ரத்தத்தில் அதன் அளவை வைத்துச் சிறுநீரகத்தை எடைபோடுவார்கள். மெலிந்த முதியவருக்குத் தசை குறைவு, அதனால் கிரியேட்டினினும் குறைவாகத்தான் காட்டும். அதை மட்டும் நம்பாமல் வயது, எடையையும் சேர்த்துச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக் கணக்கிட வேண்டும்.

ரத்தத்துக்குச் சேரும் கதிர்வீச்சு 2 கிரேயை (உடல் உள்வாங்கும் கதிர்வீச்சின் அலகு) தாண்டக் கூடாது என்ற வரம்பு 1962-லேயே வந்துவிட்டது. 2006-ல் வெளியான ஓர் ஆய்வில், எல்லாருக்கும் 200 மில்லிகியூரி கொடுத்தால் என்ன ஆகும் என்று கணக்கிட்டார்கள். 70 வயதுக்குக் கீழே 8 முதல் 15 சதவீதம் பேர் அந்த வரம்பைத் தாண்டுவார்கள். 70-ஐக் கடந்தவர்களிலோ 22 முதல் 38 சதவீதம்! அதனால்தான் அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2015 வழிகாட்டுதல், 70-க்கு மேற்பட்டவர்களுக்கு, அளந்து பார்க்காமல் உத்தேசமாகக் கொடுக்கும்போது 150 மில்லிகியூரியைத் தாண்டுவதைத் தவிர்க்கச் சொன்னது.

அதற்கு மேல் தேவைப்பட்டால்? அளந்து பார்த்துக் கொடுக்கலாம். முதலில் மிகக் குறைந்த அளவு அயோடின் கொடுப்போம். பிறகு சில நாட்கள் ரத்தம் எடுப்போம். கருவி முன்னால் நிறுத்தி, உடம்பில் எவ்வளவு மிச்சம் என்று எண்ணுவோம். இவருக்கு எவ்வளவு தாங்கும் என்பது அதில் தெரிந்துவிடும். நாலைந்து நாள் அலைச்சல்தான். முதியவருக்கு அது சிரமம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புற்றுநோய் நுரையீரல் முழுக்கப் பரவியிருக்கிறது என்றால் இந்த அளவீட்டை விடக் கூடாது என்பேன். அங்கே அயோடின் அதிகம் தங்கினால் நுரையீரலே தழும்பேறிவிடலாம்.

அப்புறம், வீட்டார் மறக்கும் ஒன்று. புராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் அடைபடுகிறதா, தெரியாமல் கசிகிறதா, மலச்சிக்கல் உண்டா, எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்வோம். இதய பலவீனம் உள்ளவருக்கு அதற்கும் ஓர் அளவு உண்டு. எவ்வளவு என்பதை மாத்திரை விழுங்கும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.