மகனைக் கொன்றவனுக்குத் தச்சு கற்றுத்தந்தவர்

நேயர்களுக்கு வணக்கம்.

இன்று நான் பேசப்போவது 2002-ல் வெளிவந்த ஒரு பெல்ஜியப் படத்தைப் பற்றி. படத்தின் பெயர் ‘மகன்’. பிரெஞ்சு மொழிப் படம். ஜான்-பியேர் தார்தென், லுக் தார்தென் என்ற அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து எழுதி இயக்கியது.

நான் சினிமா விமர்சகன் இல்லை. தொழிற்பயிற்சி நிலையத்தில் தச்சுப் பிரிவு ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். இந்தப் படத்தின் நாயகனும் ஒரு தச்சு வாத்தியார்தான். மகனைப் பறிகொடுத்த வாத்தியார். அவருடைய துக்கம் வீட்டிலோ கல்லறையிலோ காட்டப்படுவதைவிட, பட்டறையில், மரத்தூளுக்கு நடுவில்தான் அதிகம் காட்டப்படுகிறது. அதனால் இதைப் பற்றிப் பேச எனக்கும் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன். கதையை முடிவு வரைக்கும் சொல்லித்தான் பேசப்போகிறேன். கதை தெரிந்துவிட்டால் சுவை போய்விடும் என்கிற வகைப் படம் இல்லை இது.

வாத்தியாரின் பெயர் ஒலிவியே. தவறு செய்து தண்டனை முடித்து வரும் சிறுவர்களுக்குத் தொழில் கற்றுத்தரும் ஒரு மையத்தில் வேலை பார்க்கிறார். ஒருநாள் புதிதாகச் சேர வரும் ஒரு பையனின் விண்ணப்பத்தை அலுவலகத்தில் அவரிடம் கொடுக்கிறார்கள். பெயர் பிரான்சிஸ், வயது 16. தச்சு கற்க விரும்புகிறான். ஒலிவியே தாளைப் பார்க்கிறார், தன் பிரிவில் இடமில்லை என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறார். பையனை வெல்டிங் பிரிவுக்கு அனுப்புகிறார்கள்.

அதற்கப்புறம் இந்த மனிதரால் ஓரிடத்தில் நிற்க முடிவதில்லை. நடைபாதையில் ஓடுகிறார், சுவரோரம் மறைந்து நின்று எட்டிப் பார்க்கிறார், மேலே ஏறி நின்றுகூட அந்தப் பையனைப் பார்க்க முயல்கிறார். ஏன் இப்படிச் செய்கிறார் என்று நமக்குப் புரிவதில்லை. படம் வெகுநேரம் சொல்வதும் இல்லை. பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியவருகிறது. ஐந்து வருடத்துக்கு முன்பு காரிலிருந்து ரேடியோவைத் திருடப் போன இடத்தில் ஒலிவியேயின் சின்ன மகனைக் கொன்றவன் இந்த பிரான்சிஸ். அப்போது இவனுக்கே 11 வயது.

பெயரைத் தாளில் பார்த்து மறுத்த ஒலிவியே, பிறகு தானே போய்ப் பையனைத் தன் பட்டறைக்கு அழைத்துக்கொள்கிறார். தான் யார் என்று அவனிடம் சொல்வதில்லை.

இவ்வளவு பெரிய படம் ஏன் அதிகம் பேர் பார்க்காமல் போனது? எனக்குத் தோன்றும் காரணம் ஒன்று உண்டு. தார்தென் சகோதரர்களின் ‘ரொசெட்டா’ 1999-ல் கான் திரைப்பட விழாவின் தங்கப் பனை விருதை வாங்கியது. 2005-ல் ‘குழந்தை’ என்ற படத்துக்கு அதே விருது மறுபடி கிடைத்தது. இரண்டு தங்கப் பனைகளுக்கு நடுவில் வந்ததால் ‘மகன்’ நிழலில் நின்றுவிட்டது. ஒலிவியேயாக நடித்த ஒலிவியே குர்மே 2002-ல் கானில் சிறந்த நடிகர் விருது வாங்கினார். ஆனாலும் இந்தச் சகோதரர்களின் பெயரைச் சொன்னால் பலர் ரொசெட்டாவைத்தான் சொல்கிறார்கள். என் கணக்கில் அவர்கள் எடுத்ததிலேயே ஆழமானது ‘மகன்’தான்.

அவர்கள் படமெடுக்கும் ஊரைப் பற்றியும் ஒரு வார்த்தை. லியேஜ் நகரத்தை ஒட்டி, மியூஸ் ஆற்றங்கரையில் செரேன் என்று ஒரு தொழிலாளர் ஊர். 1817-ல் ஜான் காக்கரில் அங்கே தொடங்கிய ஆலை, பிற்காலத்தில் ஐரோப்பாவின் பெரிய இரும்பு ஆலைகளில் ஒன்றாக வளர்ந்தது. பிறகு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அந்த வட்டாரத்திலேயே வளர்ந்த தார்தென் சகோதரர்கள், கதைப்படம் எடுக்க வருவதற்கு முன்பு அங்குள்ள தொழிலாளர்களைப் பற்றி ஆவணப்படங்கள் எடுத்தவர்கள். உழைக்கிற உடம்பைப் பார்க்கத் தெரிந்தவர்கள். ஒரு ஆள் மூட்டையைத் தூக்கும்போது முதுகு எப்படி வளையும், ஏணியில் ஏறும்போது எந்தக் காலை முதலில் வைப்பான் என்பதெல்லாம் அவர்கள் கேமராவுக்குத் தெரியும்.

அந்தக் கேமரா படம் முழுக்க ஒலிவியேயின் பிடரிக்குப் பின்னாலேயே இருக்கிறது. கழுத்து, காது, தோள்பட்டை, தடித்த கண்ணாடியின் ஓரம், இவ்வளவுதான் நமக்குக் கிடைக்கிறது. முகம் சரியாகக் கிடைக்காது. கிடைத்தாலும் கண்ணாடி கண்ணை மறைக்கும். பின்னணி இசையும் கிடையாது. ரம்பம் ஓடும் சத்தம், சுத்தியல் சத்தம், மூச்சு, காலடி. முதல் பத்து நிமிடம் சிலருக்கு இது எரிச்சலாகக்கூட இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஏனென்றால் இந்த மனிதர் என்ன நினைக்கிறார் என்று அவருக்கே தெரியாது. அவர் முகத்தைக் காட்டினால் நாம் ஏதாவது ஒன்றை அவசரமாக முடிவு செய்துவிடுவோம்.

ஒலிவியே இடுப்பில் அகலமான தோல் பட்டை ஒன்று கட்டியிருப்பார். முதுகுக்குத் தாங்கலாக. வீட்டுக்கு வந்தால் அதைக் கழற்றிவிட்டுத் தரையில் படுத்து உடற்பயிற்சி செய்வார். தனியாகச் சமைப்பார், தனியாகச் சாப்பிடுவார். மனைவி மகாலி பிரிந்து போய்விட்டார். மகன் இறந்தபின் ஐந்து வருடம் ஒரு மனிதர் எப்படி நடமாடியிருப்பார் என்பதற்கு வசனமே தேவைப்படவில்லை. அந்தப் பட்டை போதும்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். தச்சு கற்றுக்கொடுக்கும் ஆசிரியர் மாணவனின் முகத்தைப் பார்க்க மாட்டார். கையைத்தான் பார்ப்பார். உளியைப் பிடிக்கும் கட்டைவிரல் எங்கே இருக்கிறது, இழைப்புளியைத் தள்ளும்போது மணிக்கட்டு வளைகிறதா, ரம்பத்துக்கு எதிரே இடது கை போகிறதா, நாள் முழுக்க இதுதான் வேலை. ஒரு நொடி கவனம் தப்பினால் பையனுக்கு விரல் போய்விடும். அந்தப் பையன் யார், என்ன செய்துவிட்டு வந்தான் என்பதெல்லாம் அந்த நேரத்தில் மனதில் வராது. எங்கள் ஊரில் கூர்நோக்கு இல்லத்திலிருந்து வந்த பையன்களுக்கும் நான் கற்றுக்கொடுத்திருக்கிறேன். அவர்கள் கோப்பைத் திறந்து பார்த்ததே இல்லை. பார்த்திருந்தால் அவர்கள் கையை அதே மாதிரி பார்த்திருப்பேனா என்று எனக்குச் சந்தேகம்தான்.

ஒலிவியே கோப்பைப் பார்த்துவிட்டவர். அவர் அக்கறையோடு பார்த்துக் காக்க வேண்டிய அந்த இரண்டு கைகள்தான் அவர் மகனின் கழுத்தை நெரித்த கைகள். அந்தக் கைக்கு அளவுகோலைப் பிடிக்கச் சொல்லித்தருகிறார். கருவிப்பெட்டி செய்யச் சொல்லித்தருகிறார். கனமான கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு ஏணியில் நிலைதடுமாறாமல் ஏறச் சொல்லித்தருகிறார். ஒவ்வொரு பாடமும் சரியாக நடக்கிறது. எந்த இடத்திலும் அவர் தன் தொழிலைக் குறைத்துச் செய்யவில்லை. அதே நேரத்தில் ஒவ்வொரு பாடத்திலும் எனக்கு வயிறு கலங்கியது. பெரிய மரக்கட்டையும் கூரான இரும்பும் கையெட்டும் தூரத்தில் கிடக்கும் இடம் அது. அவர் ஒன்றும் செய்ய மாட்டார் என்று நம்மால் உறுதியாகச் சொல்ல முடியாது.

ஒரு இரவில் தெருவோரக் கடைக்குப் பக்கத்தில் இருவரும் நிற்கிறார்கள். தூரத்தைக் கண்ணாலேயே அளந்து சொல்லும் திறமை ஒலிவியேவுக்கு உண்டு என்று பையனுக்குத் தெரிந்துவிடுகிறது. என் காலுக்கும் உங்கள் காலுக்கும் இடையே எவ்வளவு என்று கேட்கிறான். ஒலிவியே பார்த்துவிட்டு மீட்டரும் சென்டிமீட்டருமாகச் சொல்கிறார். பையன் மடக்கு அளவுகோலை விரித்துத் தரையில் வைத்து அளந்து பார்க்கிறான். அப்படியே இருக்கிறது. பையனின் முகத்தில் வரும் வியப்பு இருக்கிறதே, அது ஒரு சிஷ்யனின் வியப்பு. அவனுக்கு வேறு யாரும் இல்லை. அம்மாவோடு வாழும் ஆள் இவனை வீட்டில் சேர்க்க விரும்பவில்லை. தூங்குவதற்கு மாத்திரை போடுகிறான். தன் வாழ்க்கையில் ஏதோ ஒன்றைச் சரியாகத் தெரிந்த ஒரு பெரியவரை அவன் கண்டுபிடித்துவிட்டான். பிறகு ஒருநாள், எனக்குக் காப்பாளராக இருக்கிறீர்களா என்று ஒலிவியேயிடமே கேட்கிறான். இதைவிடக் கொடிய ஒரு கேள்வியை அன்போடு கேட்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

மகாலியைப் பற்றியும் பேச வேண்டும். பையன் மையத்துக்கு வந்த அதே நாள் அவர் ஒலிவியேயின் வீட்டுக்கு வந்து, தான் மறுமணம் செய்துகொள்ளப் போவதையும், வயிற்றில் குழந்தை இருப்பதையும் சொல்கிறார். அவர் கிளம்பிய பிறகு ஒலிவியே கீழே ஓடிப்போய், ஏன் இன்றைக்குப் பார்த்து வந்தாய் என்று கேட்கிறார். பிறகு அந்தப் பையனை ஒலிவியே கூடவே வைத்திருப்பதை மகாலி கண்ணால் பார்க்கிறார், மயங்கி விழுகிறார். இப்படி யாரும் செய்ய மாட்டார்கள் என்கிறார். தெரியும் என்கிறார் ஒலிவியே. அப்புறம் நீ ஏன் செய்கிறாய் என்று கேட்டால், தெரியவில்லை என்கிறார்.

மகாலியின் கோபத்தை நான் முழுக்க மதிக்கிறேன். பெற்ற பிள்ளையைக் கொன்றவனோடு ஒரே காரில் போகிற கணவனை எந்தத் தாய் பொறுப்பாள்? அவருடைய துக்கத்துக்குப் படம் இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம் என்ற குறை எனக்கு உண்டு. பெட்ரோல் பங்க்கில் வேலை பார்த்துக்கொண்டு, இன்னொரு குழந்தையைச் சுமந்துகொண்டு, அவரும்தான் மீண்டு வரப் பார்க்கிறார். அவர் வழி அவருக்கு. அது ஒலிவியேயின் வழியைவிட எந்த விதத்திலும் தாழ்ந்தது இல்லை.

துக்க வீடுகளில் நாம் ஒன்று செய்வோம். நடந்தது நடந்துவிட்டது, மன்னித்துவிடு, மனசைத் தேற்றிக்கொள் என்போம். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறோம். ஆனால் இழந்தவரிடம் மன்னிப்பைக் கேட்டு வாங்கும் உரிமை வெளியாட்களுக்குக் கிடையாது என்பது என் உறுதியான எண்ணம். இந்தப் படம் அதைக் கேட்கவில்லை. மன்னிப்பு பற்றி ஒலிவியே ஒரு பேச்சுகூடப் பேசுவதில்லை. நம் ஊர்ப் படங்களில் மகனை இழந்த அப்பா அரிவாளை எடுப்பார், இல்லையென்றால் கடைசியில் பெரிய மனதோடு மன்னிப்பார். ஒலிவியேவுக்கு இரண்டுமே கைவரவில்லை. வேலை மட்டும் கைவருகிறது. காலையில் பட்டறையைத் திறக்க வேண்டும், பையன்களுக்கு மரம் வேண்டும், அளவு சரியாக இருக்க வேண்டும்.

கடைசியில் மரம் எடுத்துவர, ஊருக்கு வெளியே இருக்கும் தன் அண்ணன் தம்பிகளில் ஒருவரின் மரவாடிக்குப் பையனைக் காரில் கூட்டிப்போகிறார். வழியில் பேச்சுக் கொடுக்கிறார். எதற்காக உள்ளே இருந்தாய் என்று கேட்கிறார். திருட்டு என்கிறான், பிறகு ஒரு உயிர் போனதைச் சொல்கிறான். வருத்தப்படுகிறாயா என்று கேட்டால், ஐந்து வருடம் அடைபட்டுக் கிடந்தால் வருத்தம் வராதா என்கிற மாதிரி பதில் சொல்கிறான். கல்மனசு என்று சொல்லிவிடலாம். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். 11 வயதில் உள்ளே போனவனுக்குத் தன் தண்டனையைத் தவிர வேறு எதையும் யாரும் காட்டியிருக்கவில்லை. இறந்த பிள்ளைக்கு ஒரு அப்பா இருப்பார் என்பது அவனுக்கு இன்னும் உறைக்கவில்லை.

மரவாடியில் யாரும் இல்லை. இருவரும் பலகைகளை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். மரங்களை இனம் கண்டுபிடிக்கக் கற்றுத்தருகிறார் ஒலிவியே. அந்த வேலைக்கு நடுவிலேயே, குரலை உயர்த்தாமல், நீ கொன்ற பையன் என் மகன் என்கிறார். பிரான்சிஸ் ஓடுகிறான். உன்னை ஒன்றும் செய்ய மாட்டேன், பேசத்தான் வேண்டும் என்று கத்திக்கொண்டே இவர் துரத்துகிறார். மரங்களுக்கு இடையில் பையனைப் பிடித்துக் கீழே தள்ளி, மேலே ஏறி உட்கார்ந்து, கழுத்தில் கையை வைக்கிறார். தன் மகன் எப்படி இறந்தானோ அதே பிடி.

பிறகு கையை எடுத்துவிடுகிறார்.

ஏன் எடுத்தார் என்று படம் விளக்கவில்லை. எனக்கு ஒரு பதில் உண்டு, இது வாத்தியார் பதில். இத்தனை நாளும் அந்தப் பையனின் கையை, தோளை, கால் வைக்கும் இடத்தைப் பார்த்துப் பார்த்துத் திருத்தியிருக்கிறார். விழுந்துவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் மனது எதையும் முடிவு செய்யாமல் இருந்தாலும், அவர் கை அந்தப் பையனைக் காப்பாற்றிப் பழகிவிட்டது. கழுத்தில் வைத்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

இருவரும் மூச்சு வாங்க உட்கார்ந்திருக்கிறார்கள். ஒலிவியே எழுந்து மரவாடிக்குப் போய்ப் பலகைகளை வண்டியில் ஏற்ற ஆரம்பிக்கிறார். கொஞ்ச நேரத்தில் பையன் வந்து நிற்கிறான், ஒரு பலகையை எடுக்கிறான். இருவரும் சேர்ந்து பாரத்தின் மேல் தார்ப்பாயைப் போட்டுக் கட்டுகிறார்கள். வேலை பாதியில் இருக்கும்போதே படம் சட்டென்று நின்றுவிடுகிறது.

பார்த்தவர்கள் எல்லாம் கேட்பது, அவர் மன்னித்தாரா இல்லையா என்பதுதான். எனக்கு அதைவிட மறுநாள் பற்றித்தான் யோசனை. அந்தப் பலகைகளைப் பட்டறையில் இறக்கியாக வேண்டும். மகாலியிடம் ஒலிவியே என்ன சொல்வார்? காப்பாளர் தாளில் கையெழுத்துப் போடுவாரா? போடவில்லை என்றாலும் அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் பிரான்சிஸ் பட்டறைக்கு வருவான் என்று நம்புகிறேன். தன் மீது உண்மையிலேயே கோபப்பட உரிமையுள்ள ஒரே மனிதர் யார் என்று அவனுக்கு இப்போதுதான் தெரிந்திருக்கிறது. தெரிந்தபிறகும் ஓடிப்போகாமல் திரும்பி வந்து பலகையைத் தூக்கினான்.

படம் கிடைத்தால் துணைத்தலைப்போடு, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவைத்துப் பாருங்கள். வாய்ப்பளித்த நிலையத்தாருக்கும், பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும் நன்றி. வணக்கம்.